தும்மாத வெளிச்சம்

அத்தியாயம் ஐந்து

டொக்டர் கிருபானந்தன் தன் வீடியோவைத் தானே ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் இருந்த கிருபானந்தன் பேசப் பேச, நாற்காலியில் இருந்த கிருபானந்தன் தலையாட்டினார். இந்த மனிதருக்கு உலகத்தில் ஒத்துப்போகிற ஆள் திரையில் இருக்கும் இவர் ஒருவர்தான் என்று சிவாஜினி நினைத்துக்கொண்டாள்.

லாசால் என்ற புறநகரில், லொறிகள் மார்ச் மாதத்துச் சேற்றுப் பனியை வாரியடித்துக்கொண்டு போகும் தெரு ஒன்றில், பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் மேல்மாடி அது. அறைச் சுவர் முழுவதும் படங்கள். சங்கத்து ஆண்டு விழாவில் ஒரு பொன்னாடை, கோயில் மண்டபத்தில் ஒரு பொன்னாடை, யாரோ வீட்டுப் பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கில்கூட ஒரு பொன்னாடை. எல்லாவற்றிலும் அதே சிரிப்பு. அச்சில் வார்த்து எடுத்தது போல.

"அக்கா, இவ்வளவு பொன்னாடையையும் சேர்த்துத் தைச்சால் இந்தக் கட்டடத்துக்கே போர்வை போடலாம்" என்று ஜெராட் அவள் காதருகே முணுமுணுத்தான்.

ஜெராட் மன்னார்க்காரன். பல வருடம் டாக்ஸி ஓட்டிவிட்டு இப்போது அவளுக்கு உதவியாளாக இருப்பவன். பின்சீட்டில் நடந்த கதைகளைக் கேட்டுக் கேட்டே மனிதர்களைப் படித்தவன். சிவாஜினி அதற்கு நேர் எதிர். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்து, மனிதர்கள் மேல் இருந்த மரியாதையை முழுவதுமாகச் செலவழித்துவிட்டுத்தான் சொந்தத் துப்பறியும் தொழிலுக்கு வந்தாள்.

"தங்கச்சி, கவனமாப் பாருங்கோ. இதுதான் களவு போன அந்தச் சிப்பு" என்றார் கிருபானந்தன்.

திரையில், அந்த நுண்சில்லை உள்ளே வைத்திருந்த ஓர் இரும்புப் பெட்டி. அதற்குப் பக்கத்துத் திரையில், ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைக் காட்டுவது போல, ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அடிக்கொருதரம் கோட்டிலிருந்து கூராக ஒரு முனை எழும்பியது.

"சிப்புக்குள்ள ஒரு பாலம் இருக்கு. தலைமயிர் ஒண்டை நூற்றுக்கணக்கில பிளந்தால் வாற தடிப்பு. அதுக்குள்ள வெளிச்சத்தை அடைக்கிறம். அடைபட்ட வெளிச்சம் பாலத்தைத் தள்ளும். பாலம் அதிரும். அதிர்வெண்டால் என்ன? சத்தம். நாய்க்குக்கூடக் கேளாத சத்தம். வெளிச்சம் கொண்டுவந்த சேதியை அந்தச் சத்தம் வாங்கி, கொஞ்சம் வைச்சிருந்து, பேந்து வெளிச்சமாத் திருப்பிக் குடுக்கும். உந்தக் கூர் எல்லாம் திரும்பி வந்த வெளிச்சம். உங்களுக்கு விளங்காது. பரவாயில்லை."

"விளங்குது டொக்டர்" என்றான் ஜெராட். "வெளிச்சம் அவசரக்காரன். போற வழியில சத்தத்தின்ர வீட்டில ஏறி, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகுது."

கிருபானந்தன் அவனை, கதிரையில் ஒட்டியிருந்த எதையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

வீடியோ போன செவ்வாய்க்கிழமை எடுத்தது. முதலீட்டாளர்களின் சார்பில் வந்த கத்தரின் என்ற பெண்மணி, கறுப்புக் கோட்டுடன் திரையின் முன்னால் நின்றார். கிருபானந்தன் பிரெஞ்சில் முழங்கிக்கொண்டிருந்தார். நடுவில் கத்தரின் தும்மினார். மறுபடி தும்மினார். பிறகு அடுக்கடுக்காகத் தும்மி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பச்சைக் கோடு மட்டும் அசையாமல், எழவேண்டிய இடத்தில் எழுந்து, மற்ற இடமெல்லாம் நூல் பிடித்தது போல நேராக ஓடியது.

"அவாவுக்குத் தடிமன்" என்றார் கிருபானந்தன் எரிச்சலோடு. "என்ர நல்ல வசனத்தை எல்லாம் தும்மிக் கெடுத்துப்போட்டா."

"பேந்து?" என்றாள் சிவாஜினி.

"பேந்தென்ன? அவா போனாப் பிறகு, பிரஷாந்தினி எண்டு என்னட்ட வேலை செய்த பெட்டை, உவள்தான் சிப்பைக் கழட்டினவள். தனிய இருந்தவள். அடுத்த நாள் பார்த்தால் பெட்டிக்குள்ள செத்த சிப்பு ஒண்டு கிடக்கு. நல்லதை எடுத்துப்போட்டு உடைஞ்சதை வைச்சிட்டாள். ஆருக்கோ வித்திட்டாள். நீங்கள் அதை வடிவா எழுதி, கையெழுத்து வைச்சுத் தந்தால், நான் முதலீட்டாளருக்குக் காட்டுவன். பொலிசுக்குப் போறதைப் பேந்து பார்ப்பம்."

"எழுதுறதை நீங்களே சொல்லிப்போட்டீங்கள். கண்டுபிடிக்க நான் எதுக்கு?"

"சும்மா ஒரு ஒப்புக்குத்தானே, தங்கச்சி" என்று அவர் சிரித்தார். சுவரில் இருந்த அதே சிரிப்பு.

அதற்காகத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்பது சிவாஜினிக்கு வந்த முதல் நிமிடத்திலேயே தெரியும். பெரிய நிறுவனத்துக்குப் போனால் கேள்வி கேட்பார்கள். நம்முடைய ஆள், அதிலும் ஒரு பொம்பிளை என்றால் சொன்ன இடத்தில் கையெழுத்து வைப்பாள் என்ற கணக்கு. அவள் வீடியோவின் பிரதியை மட்டும் வாங்கிக்கொண்டு எழும்பினாள்.

படியில் இறங்கும்போது ஜெராட் பெரிதாக ஒரு தும்மல் போட்டான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.

"யேசுவே! மேல டொக்டரின்ர பெருமை, கீழ வறுத்த மிளகாய். எதுக்குத் தும்முறன் எண்டே தெரியேல்ல, அக்கா."

சிவாஜினி நின்றுவிட்டாள்.

"இன்னொருக்காச் சொல்லு."

"எதை? பெருமையையோ, மிளகாயையோ?"

"அந்தப் பிரெஞ்சுக்காரிக்குத் தடிமனில்லை, ஜெராட். தடிமன் பிடிச்ச ஆள் வரேக்கையே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரும். அவா வரேக்க நல்லாத்தான் வந்தவா. நிண்ட இடத்திலதான் தும்மத் தொடங்கினவா. கண்ணாலயும் தண்ணி. உனக்கு இப்ப வந்த மாதிரி."

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் இரும்புக் கதவு. அதில் சிவப்பு மிளகாய் ஒன்றின் படம். கதவைத் திறந்ததும் வறுத்த கொத்தமல்லியும் மிளகாயும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. உள்ளே நிலம் அதிர்ந்தது. காலணிக்குள் விரல்களே நடுங்கின. தலையில் பிளாஸ்டிக் தொப்பி போட்ட ஒரு பெண், இயந்திரத்தை மிஞ்சிக் கத்தினாள்.

"வாங்கோ! வறுத்த தூளோ, வறுக்காததோ?"

அவள்தான் அந்த மிளகாய்த்தூள் மில்லின் முதலாளி புஷ்பராணி. மேல்மாடி டொக்டரைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று சொன்னதும், தூள் விற்கும் முகம் போய் வேறு முகம் வந்தது.

"உந்த மனுசனோ! எத்தினை தரம் வந்து சண்டை. நான் மிளகாய் இடிச்சால் மேல அவற்ற வெளிச்சம் ஆடுதாம். வெளிச்சம் ஆடினால் பல்பை மாத்துமன் எண்டனான். அதுக்கு என்னைப் பார்த்துப் படிப்பில்லாத சனம் எண்டிட்டுப் போனவர்."

"போன செவ்வாய்க்கிழமையும் வந்தவரோ?"

"அதுக்கு முதலே வந்தவர். அந்த ஒருதரம்தான் கும்பிட்டுக்கொண்டு வந்தவர். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மட்டும் மெசினை நிற்பாட்டு, முக்கியமான ஆக்கள் வருகினம் எண்டார். நானும் ஓம் எண்டன்."

சிவாஜினியின் முகம் விழுந்தது. "நிற்பாட்டினீங்களோ?"

"ஏன் நிற்பாட்ட?" புஷ்பராணி கண்களை அகட்டினாள். "ரொறொன்ரோவுக்குக் கலியாண ஓடர். இருட்டும்வரைக்கும் ஓடினது. ஓம் எண்டால்தானே மனுசன் இடத்தைக் காலி பண்ணும்!"

வெளியே வந்து இருவரும் காருக்குள் ஏறினார்கள். சிவாஜினி பிரஷாந்தினிக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்தப் பெண் நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கில் தூரத்து உறவினர் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தாள். அவளுடைய வேலை அனுமதி இந்தக் கம்பனியோடு கட்டுப்பட்டது. திருடி என்ற பெயரோடு கம்பனி துரத்தினால், நிரந்தர வதிவிட விண்ணப்பமும் அதோடு போய்விடும். சூட்கேசைப் பாதி அடுக்கி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அழாதேயும். ஒண்டு மட்டும் சொல்லும். கீழ மில் ஓடினால் மேல கோடு ஆடுமோ?"

"ஆடாமல் எப்பிடி, அக்கா? மேசை அதிராமல் இருக்கக் காத்தடிச்ச காலில நிக்குதுதான். ஆனால் வெளிச்சத்தைச் சிப்புக்குக் கொண்டுபோற கண்ணாடி நூல் மயிரைவிட மெல்லிசு. கட்டடம் அதிர்ந்தால் அந்த நூல் நடுங்கும். கோடு வாள் பல்லு மாதிரி வரும்."

"செவ்வாய்க்கிழமை நீர் அங்க நிண்டனீரோ?"

"உள்ள விடேல்ல. வாறாக்களுக்குக் கோப்பி ஊத்தச் சொல்லி வெளியில நிற்பாட்டினவர்."

சிவாஜினி போனை வைத்தாள். ஜெராட் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

"அப்ப கத்தரின் தும்மினவா. வெளிச்சம் தும்மேல்ல."

"முழு மில்லும் ஓடிக்கொண்டிருக்க, அந்தக் கோடு நித்திரை கொள்ளுற பிள்ளை மாதிரி ஓடியிருக்கு. அண்டைக்குத் திரையில ஓடினது சிப்பில்லை. படம். மில் நிண்டிட்டுது எண்டு நம்பி, மனுசன் துணிஞ்சு படம் ஓட்டியிருக்கு."

"பழைய மட்ச்சைப் போட்டிட்டு நேரடி ஒளிபரப்பு எண்டு சொல்லுற மாதிரி."

"பழசெண்டாவது ஒரு மட்ச் நடந்திருக்கும். இது கொம்பியூட்டரில கீறின கோடு. அந்தச் சிப்பு ஒருநாளும் வேலை செய்யேல்ல. பொன்னாடைக்காரன் பொய்யை வித்திருக்கிறான்."

இதைச் சொல்லும்போது அவளுக்குள் ஓர் இனிய சூடு பரவியது. ஓர் ஆளை முழுவதுமாக வெறுக்கக் கிடைப்பது எப்போதாவது ஒருமுறைதான்.

அடுத்த நாள் காலை, அறிக்கை தயார் என்று சொல்லி எல்லோரையும் ஆய்வுகூடத்துக்கு வரவழைத்தாள். கத்தரின் கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் நின்றார். பிரஷாந்தினி ஜெராட்டின் பின்னால், பாடசாலையில் அதிபர் அறைக்கு வந்த பிள்ளை போலக் குனிந்தபடி நின்றாள். ஒல்லியான பெண். நகங்களை எல்லாம் கடித்து முடித்திருந்தாள். கிருபானந்தன் புது டை கட்டியிருந்தார்.

சிவாஜினி பெரிய திரையில் வீடியோவை ஓடவிட்டு, பிரெஞ்சில் கேட்டாள்.

"மதாம், அன்றைக்கு உங்களுக்குத் தடிமனா?"

"இல்லையே. இங்கே ஏதோ காரமாக மணந்தது. வெளியே போனதும் நின்றுவிட்டது."

சிவாஜினி மில்லின் கதையைச் சொன்னாள். புஷ்பராணி நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு நிறுத்தாததைச் சொன்னாள். கண்ணாடி நூலைச் சொன்னாள். கட்டடமே நடுங்கிய பின்னேரத்தில் ஒரு கோடு மட்டும் நடுங்காமல் ஓடியது எப்படி என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கிருபானந்தன் விழவில்லை. சிரித்தார்.

"மிளகாய்த்தூளை வைச்சு எனக்குப் பௌதிகம் படிப்பிக்கிறியள்" என்று தமிழில் சொல்லிவிட்டு, கத்தரினின் பக்கம் திரும்பிப் பிரெஞ்சுக்கு மாறினார். "மதாம், கட்டடத்து அதிர்வுகளை எல்லாம் எங்கள் மென்பொருள் வடிகட்டி எடுத்துவிடும். திரைக்கு வருவது சுத்தமான கோடு. இது முதல் வருட மாணவனுக்கும் தெரியும். இந்த அம்மாவுக்குத் தெரியாததில் அதிசயமில்லை."

கத்தரின் சிவாஜினியைப் பார்த்தார். வடிகட்டி இருக்கிறதா, இருந்தால் என்ன செய்யும், எதுவும் அவளுக்குத் தெரியாது. இவ்வளவு அருவருப்பான ஒரு மனிதரிடம் தோற்பதைப் போன்ற கசப்பு வேறில்லை. கிருபானந்தன் டையைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னொருக்காப் போடுங்கோ, அக்கா."

சொன்னது பிரஷாந்தினி. தலை நிமிர்ந்திருந்தது. கண்கள் திரையில் ஒட்டியிருந்தன.

"உனக்கு இஞ்ச கதை இல்லை" என்றார் கிருபானந்தன்.

ஜெராட் வீடியோவை மறுபடி ஓடவிட்டான். கத்தரினின் தும்மல்கள் முடிந்து, கைக்குட்டை வெளியே வந்து, கிருபானந்தனின் முழக்கம் தொடங்கும் இடத்தில் பிரஷாந்தினி கையை உயர்த்தினாள்.

"நிற்பாட்டுங்கோ. அதில பாருங்கோ."

கோட்டில், கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியக்கூடிய சின்ன நடுக்கம். பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. கொஞ்ச இடைவெளி. பிறகு மறுபடியும் இரண்டு.

"வடிகட்டி இருந்திருந்தால், மில்லோட சேர்ந்து இதுவும் போயிருக்க வேணும்" என்றாள் பிரஷாந்தினி. "மில் இல்லை. ஆனால் இது இருக்கு. ஏனெண்டால் இது ஞாயிற்றுக்கிழமை பதிஞ்ச கோடு. மில் பூட்டின நாள். இது என்ர போன்."

"என்ன போன்?" என்று கத்தரின் கேட்டார். ஜெராட் அவசரமாக மொழிபெயர்த்தான்.

பிரஷாந்தினி அதற்குப் பிறகு பிரெஞ்சிலேயே சொன்னாள். இலக்கணம் தடுமாறியது, விஷயம் தடுமாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக வந்திருந்தாள். கையுறையோடு கண்ணாடி நூலைச் சிப்புக்கு அருகே சரிசெய்துகொண்டிருந்தபோதுதான் கூர் முனைகள் முதன்முதலாகத் திரையில் எழும்பின. அதே நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அழைத்தார். மேசையில் கிடந்த போன் உறுமியது. எடுக்கவில்லை. அம்மா விடாமல் மறுபடியும் அழைத்தார். மேசை நடுங்க நூல் நடுங்கியது, நூல் நடுங்க வெளிச்சம் நடுங்கியது.

"செவ்வாய்க்கிழமை இந்த இடத்தில் யாருடைய போன் அடித்தது, மதாம்?" என்று கேட்டாள்.

"யாருடையதும் இல்லை" என்றார் கத்தரின். "போன்களை எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்."

சிவாஜினி திரையில் இருந்த அந்தச் சின்ன நடுக்கத்தை மறுபடி பார்த்தாள். தான் பிழை. முக்கால்வாசி பிழை. அந்தக் கோடு பொய்யில்லை. வெளிச்சம் உண்மையாகவே சத்தமாகி, உண்மையாகவே திரும்பி வந்திருக்கிறது. அதைச் செய்தவள் கோப்பி ஊற்ற நிறுத்தப்பட்ட பெண். பொய்யாக இருந்தது செவ்வாய்க்கிழமை மட்டும்.

"ஞாயிற்றுக்கிழமை உயிரோடு இருந்த சிப்பு" என்றாள் அவள் மெதுவாக, "செவ்வாய்க்கிழமை படம் ஓட்டவேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை இங்கே யார்?"

"நான் விசாவுக்கு மருத்துவச் சோதனைக்குப் போயிருந்தேன்" என்றாள் பிரஷாந்தினி. "சிப்பு உடையவும் இல்லை. உருகியிருக்கிறது. லேசர் வெளிச்சத்தை அளவுக்கு மேல் கூட்டினால் பாலம் சூடாகி அப்படித்தான் உருகும். நான் செவ்வாய்க்கிழமை கழற்றியதே அந்தச் சிப்புத்தான். சொன்னேன். என்னைத்தான் திருடி என்றார்."

எல்லோரும் கிருபானந்தனைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார். ஆய்வுகூடத்துச் சுவரில் பொன்னாடைப் படம் எதுவும் இல்லை.

"கொஞ்சம் கூட்டிப் பார்த்தன்" என்றார் தமிழில், யாருக்குமில்லாமல். "கூர் இன்னும் உயரமா வந்தால் நல்லா இருக்குமெண்டு... கொஞ்சம்தான்."

"இவர் என்ன சொல்கிறார்?" என்றார் கத்தரின்.

"கொஞ்சம் எரித்துவிட்டாராம்" என்றான் ஜெராட்.

கிருபானந்தன் திடீரென்று பிரஷாந்தினியின் பக்கம் திரும்பினார். குரல் தேனாகிவிட்டது. "பிள்ளை, நடந்தது நடந்து போச்சு. நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி. உமக்குப் பெரிய பதவி போட்டுத்தாறன். ஆராய்ச்சிக் கட்டுரையில உம்மட பேரும் வரும். என்ர பேருக்குப் பக்கத்தில."

இத்தனை நாளாக அழுதுகொண்டிருந்த பெண் சிரித்தாள். சத்தமாக, வாயை மூடாமல், அவருடைய முகத்துக்கு நேரே சிரித்தாள். சிவாஜினி எத்தனையோ அவமானங்களைப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு சுத்தமான ஒன்றைப் பார்த்ததில்லை.

"மறுபடி செய்ய முடியுமா?" என்று கத்தரின் பிரஷாந்தினியிடம் கேட்டார்.

"முடியும். புதுச் சிப்பு உருவாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அளக்க வேண்டும். அவர் லேசருக்குப் பக்கத்தில் வரக்கூடாது."

கத்தரின் தன் கையைக் கிருபானந்தனின் முன்னால் நீட்டினார். லேசரின் சாவிக்கு. அவர் சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார், கிடைக்காதது போல நடித்தார். கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் சாவி வெளியே வந்தது. கத்தரின் அதை வாங்கி, அதே வேகத்தில் பிரஷாந்தினியிடம் கொடுத்தார். பிறகு தன் வழக்கறிஞரை அழைக்கத் தாழ்வாரத்துக்குப் போனார்.

பிரஷாந்தினி கையுறையைப் போட்டுக்கொண்டு இரும்புப் பெட்டியின் மேல் குனிந்தாள். அந்த அறையில் வேறு யாரும் இருப்பது அவளுக்கு மறந்துவிட்டது.

கிருபானந்தன் கதவோரம் நின்றார். போவதா, இருப்பதா என்று சொல்ல ஆளில்லை.

அவருக்கென்று சிவாஜினி ஒரு வசனம் வைத்திருந்தாள். நேற்றுக் காரில் வரும்போதே கோர்த்து, நேற்றிரவு இரண்டு சொற்களை மாற்றிக் கூர் தீட்டி வைத்த வசனம். கோட்டை மாட்டிக்கொண்டு அவர் அருகே வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். நல்ல வசனம் அது. இந்த ஆளுக்குச் செலவழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"வா, ஜெராட்" என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டிப் போனாள்.